திரையில் ஒலித்த வழக்கு

ஒமர் ஷரீஃபை நம்மில் பலர் அறிவர். 1962இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'விலும் 1965இல் வெளிவந்த 'டாக்டர் ஷிவாகோ'விலும் நடித்துப் புகழ்பெற்ற எகிப்தியர் அவர். அவருக்கு மனைவியாக இருந்த ஃபாத்தின் ஹமாமாவை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. கெய்ரோவில் விசாரித்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். அங்கே 'அரபுத் திரையின் தலைவி' என்ற பட்டத்துக்கு உரியவர் அந்த அம்மையார்தாம். கணவர் அயல்மொழிப் படங்களில் உலகம் சுற்றப் போனார். மனைவி தம் மக்களின் மொழியிலேயே அவர்களுடைய துயரங்களை நடித்துக் காட்டினார். போனவரை அறிந்துகொண்ட நாம், இருந்தவரை அறியாமல் விட்டோம்.

இந்த இதழில் ஒரு நடிகையைப் பற்றி எழுதுவதா என்று புருவம் உயர்த்துவோர் இருப்பர். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். சினிமாவுக்குச் சான்றிதழ் வழங்குவது நம் நோக்கமன்று. திரையுலகின் மாசுகளை நாம் அறியாதவர்களும் அல்லர். ஆனால் முஸ்லிம் பெண்களின் மணவாழ்வைப் பற்றி, மிம்பர்கள் பேசியிருக்க வேண்டிய ஒன்றை ஒரு நடிகை பேச நேர்ந்தது. அது எப்படி நேர்ந்தது என்று ஆராய்வது சமுதாயத்தின் நலம் நாடும் எவருக்கும் கடமையாகும்.

முதலில் அவர் யாரென்று பார்ப்போம். ஃபாத்தின் ஹமாமா 1931இல் பிறந்தார். தந்தை கல்வித்துறையில் பணியாற்றிய ஓர் எழுத்தர். செல்வச் செழிப்போ அரண்மனைத் தொடர்போ இல்லாத குடும்பம். ஹமாமா என்றால் அரபியில் புறா. முஹம்மது கரீம் என்னும் இயக்குநர், இசைமேதை முஹம்மது அப்துல் வஹ்ஹாபுடன் நடிக்க ஒரு சிறுமியைத் தேடிக்கொண்டிருந்தபோது, தந்தை தம் மகளின் படத்தை அனுப்பிவைத்தார். 1940இல் வெளிவந்த 'யவ்முன் ஸஈத்' படத்தில் அச்சிறுமி தோன்றினாள். பின்னர் நடிப்புக் கலைக்கென ஸகி துலைமாத் நிறுவிய உயர்கல்விக் கழகத்திலும் அவர் பயின்றார். அன்று தொடங்கிய கலைவாழ்வு இரண்டாயிரமாம் ஆண்டில் வந்த தொலைக்காட்சித் தொடர் வரை நீண்டது. 2015 ஜனவரி 17இல், 83ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார்.

இளமைக் காலப் படங்களில் அவருக்குக் கிடைத்த வேடங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஏழைப்பெண், அநாதை, ஏமாற்றப்பட்ட பேதை எனக் கண்ணீர் வடிப்பதே அவற்றின் முழுவேலை. அதே இடத்தில் நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திராது. ஐம்பதுகளின் இறுதியில் அவர் இலக்கியத்தின் பக்கம் திரும்பினார். அல்அஸ்ஹரில் பயின்ற பார்வையற்ற பேரறிஞர் தாஹா ஹுஸைனின் புதினமான 'துஆவுல் கரவான்' 1959இல் ஹென்றி பரகாத்தின் இயக்கத்தில் படமானது. குடும்ப மானத்தின் பெயரால் தமக்கையை மாமனே கொன்றுவிட, அதைக் கண்ணால் கண்ட தங்கையின் கதை அது. தங்கை ஆமினாவாக ஃபாத்தின் நடித்தார். அந்தப் படம் 1960ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவுக்குச் சென்றது.

1963இல் லதீஃபா அஸ்ஸய்யாத்தின் புதினம் 'அல்பாபுல் மஃப்தூஹ்' (திறந்த கதவு) படமாயிற்று. 1965இல் யூசுஃப் இத்ரீஸின் 'அல்ஹராம்' வந்தது. அதில் அவர் ஏற்ற வேடத்தைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். அஸீஸா ஒரு கூலிக்காரி. ஊர்விட்டு ஊர் சென்று வயல்வேலை செய்யும் கூட்டத்தைச் சேர்ந்தவள். நோயுற்ற கணவன் ஆசைப்பட்டுக் கேட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குக்காக நிலத்தைத் தோண்டப் போகிறாள். அங்கே பலவந்தத்துக்கு ஆளாகிறாள். வயிற்றில் வளர்வதை மறைத்துக்கொண்டு கூலிவேலை செய்கிறாள். மறைவில் ஈன்றெடுத்த சிசு இறக்கிறது. பிரசவக் காய்ச்சலில் அவளும் மாய்கிறாள். 'ஹராம்' என்ற சொல்லை அந்த ஏழையின் நெற்றியில் ஒட்டுவதா, அல்லது அவளை அந்நிலைக்குத் தள்ளிய சமுதாயத்தின் நெற்றியில் ஒட்டுவதா என்பதே படத்தின் வினா. அது அவ்வாண்டின் கான் விழாப் போட்டியில் இடம்பெற்றது. ஒப்பனையின்றி, புழுதி படிந்த உடையில் ஃபாத்தின் அதில் தோன்றுகிறார். அழகை விற்றுப் பிழைப்பதே நடிகையின் தொழில் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வோர் இப்படத்துக்கு என்ன பதில் வைத்திருக்கின்றனர்?

அதிகாரத்துக்கு வளைந்து கொடுக்கவும் அவர் மறுத்தார். அதிபர் நாசிரின் ஆட்சியில் உளவுத்துறையின் நெருக்குதல் தாங்காது 1966இல் நாட்டை விட்டு வெளியேறினார். லண்டனிலும் லெபனானிலுமாகக் காலம் கழித்தார். திரும்பி வருமாறு வேண்டுகோள்கள் வந்தன. நாசிர் 1970இல் மறைந்த பின்னர், 1971இல்தான் அவர் தாயகம் திரும்பினார். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் ஐந்தாண்டுகள் தொழிலையும் ஊரையும் விட்டு விலகியிருப்பது எளிதான செயலன்று.

இனி நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 1975இல் 'உரீது ஹல்லன்' என்ற படம் வெளிவந்தது. 'எனக்கொரு தீர்வு வேண்டும்' என்பது அதன் பொருள். கதை எழுதியவர் ஹுஸ்ன் ஷாஹ் என்னும் பெண் பத்திரிகையாளர். இயக்கியவர் ஸயீத் மர்ஸூக். துர்ரிய்யா என்பவள் படித்த பெண், வளர்ந்த மகனுக்குத் தாய். கணவன் அரசதந்திரி, வெளியில் கண்ணியவான், வீட்டிலோ கொடியவன். அவனோடு இனி வாழ இயலாது என்று மணவிலக்குக் கேட்கிறாள், அவன் மறுக்கிறான். நீதிமன்றம் ஏறுகிறாள். அவளுக்குக் கிடைப்பது வாய்தாவின் மேல் வாய்தா. கணவனின் இல்லத்துக்குத் திரும்பிப் பணிந்து வாழ வேண்டும் என்ற 'பைத்துத் தாஆ' வழக்கு அவள்மேலேயே பாய்கிறது. பொய்ச்சாட்சிகள் கூண்டேறுகின்றனர். ஆண்டுகள் பல கழிந்தபின் அவளுடைய வழக்குத் தள்ளுபடி ஆகிறது.

அந்த நீதிமன்றத் தாழ்வாரத்தில் இன்னொரு பெண்ணையும் நாம் காண்கிறோம். மூத்த நடிகை ஆமினா ரிஸ்க் ஏற்ற வேடம் அது. காலமெல்லாம் கணவனுக்கு உழைத்து ஓய்ந்த முதியவள். முதுமையில் தலாக் சொல்லப்பட்டவள். ஓராண்டு நஃபகாவுக்கு மேல் அவளுக்குச் சட்டத்தில் வழியில்லை. துர்ரிய்யா கேட்பது விடுதலை. இந்த மூதாட்டி கேட்பது சோறு. இருவருக்கும் விடையின்றிப் படம் முடிகிறது.

இப்படத்தைச் சுட்டிக்காட்டி, 'பாருங்கள், உங்கள் ஷரீஅத்தின் இலட்சணத்தை!' என்று எக்காளமிடுவோர் உண்டு. 'மார்க்கத்தை இழிவுபடுத்த எடுக்கப்பட்ட படம்' என்று சீறுவோரும் உண்டு. இரு சாராரும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒரே பிழையைச் செய்கின்றனர். துர்ரிய்யாவைக் கைவிட்டது ஷரீஅத் என்று இருவருமே கருதிக்கொள்கின்றனர். ஒருவர் அதைச் சொல்லி மகிழ்கிறார். மற்றவர் அதை மறைக்கத் துடிக்கிறார்.

உண்மை என்ன? துர்ரிய்யா ஏறி இறங்கியது ஷரீஅத் நீதிமன்றமே அன்று. எகிப்தில் ஷரீஅத் நீதிமன்றங்கள் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கலைக்கப்பட்டு, அவற்றின் வழக்குகள் பொது நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஹனஃபி மத்ஹபின்படி, கொடுமையைக் காரணம் காட்டி மனைவி மணவிலக்குப் பெறும் வழி மிகக் குறுகியது. அதை உணர்ந்து, மாலிக்கி மத்ஹபின் கருத்தை ஏற்று, தீங்கு இழைக்கப்பட்டால் நீதிபதி பிரித்து வைக்கலாம் என 1929ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் செய்தனர். நல்ல சட்டந்தான். ஆனால் தீங்கைச் சாட்சி வைத்து மெய்ப்பிக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள் விழும் அடிக்கு யார் சாட்சி? வேலைக்காரனா? அவன் எசமானுடைய உப்பைத் தின்பவன். அண்டை வீட்டாரா? அவர்களுக்கு ஊர்வம்பு வேண்டாம். ஆக, உரிமை ஏட்டில் இருந்தது. அதை அடையும் படிக்கட்டுத்தான் இடிந்து கிடந்தது. மனைவியை வீடு திரும்பச் செய்ய வரும் தீர்ப்பைக் காவலர் துணையோடு நிறைவேற்றும் வழக்கம் 1967இல் நிறுத்தப்பட்டது. என்றாலும், திரும்ப மறுப்பவள் நஃபகாவை இழப்பாள் என்ற அச்சுறுத்தல் எஞ்சி நின்றது.

இனி, மார்க்கம் என்ன சொல்கிறது? ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட வரலாறு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நம் மத்ரஸா மாணவரும் அதை அறிவர். கணவரின் குணத்திலோ மார்க்கப் பற்றிலோ தமக்குக் குறையில்லை என்று அப்பெண்மணி தெளிவாகச் சொன்னார். ஆனால் அவரோடு வாழ்ந்து இறைவனுக்கு மாறு செய்ய அஞ்சுவதாகச் சொன்னார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று நாயகம் (ஸல்) வினவினார்கள். அவர் இசைந்தார். தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு மணவிலக்கு அளிக்குமாறு ஸாபித் (ரலி) பணிக்கப்பட்டார். அந்தச் சபையில் சாட்சிகள் அழைக்கப்படவில்லை, வாய்தா போடப்படவில்லை, அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி எவரும் கிசுகிசுக்கவும் இல்லை. இதுவே குல்உ. திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 229ஆம் வசனம் இதற்கு அடிப்படை.

குல்உவுக்குக் கணவனின் இசைவு வேண்டும் என்று ஃபிக்ஹு மேதைகளில் பெரும்பாலோர் கூறியிருப்பதை நாம் அறிவோம். அதை மறைக்க மாட்டோம். அவர்களுடைய கல்வியின் முன் நாம் எம்மாத்திரம்? ஆனால் அவர்கள் வாழ்ந்த ஊர்களில் காழியும் சுற்றமும் கொடுமைக்காரக் கணவனை இசைய வைக்கும் வலிமை பெற்றிருந்தனர். அந்த வலிமை அழிந்தபின், இசைய மறுப்பவனின் மனைவிக்கு என்ன வழி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியது, இசைவு வேண்டும் என்று வாதிடுவோரின் பொறுப்பாகும். 'பொறுத்துப் போ' என்ற ஒற்றைச் சொல் ஃபத்வா ஆகாது.

படம் வெளிவந்தபின் நடந்தவற்றை ஆண்டுவாரியாகப் பார்ப்போம். 1979இல் அதிபர் சதாத் 44ஆம் எண் சட்டத்தை அவசர ஆணையாகப் பிறப்பித்தார். அதிபரின் மனைவி ஜிஹானின் பெயரால் அதை 'ஜிஹான் சட்டம்' என மக்கள் அழைத்தனர். 1985 மே மாதம், அது பிறப்பிக்கப்பட்ட முறை செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளியது. இரண்டே மாதத்தில் சில மாற்றங்களோடு 100ஆம் எண் சட்டம் நாடாளுமன்றத்தின் வழியே வந்தது. காரணமின்றி மணவிலக்குச் செய்யப்பட்ட மனைவிக்கு, இத்தா கால நஃபகா நீங்கலாக, குறைந்தது ஈராண்டு நஃபகாவுக்கு நிகரான தொகையை 'முத்ஆ'வாக அளிக்க வேண்டும் என அது விதித்தது. கணவனின் வசதியையும் மணவாழ்வின் நீளத்தையும் கணக்கில் கொள்ளச் சொன்னது. திரையில் ஆமினா ரிஸ்க் காட்டிய மூதாட்டிக்கு, திருமறை 2:241இன் வழியில், கிடைத்த பதில் இது.

துர்ரிய்யாவுக்கான பதில் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இரண்டாயிரமாம் ஆண்டின் முதலாம் எண் சட்டம், நீதிமன்றத்தின் வழியே குல்உ பெறும் உரிமையை எகிப்தியப் பெண்ணுக்கு அளித்தது. அவள் பெற்ற மஹரைத் திருப்பித் தரவேண்டும். பொருளுரிமைகளை விட்டுக்கொடுக்க வேண்டும். சமரச முயற்சிக்கு உடன்பட வேண்டும். அதன்பின்னும் வாழ இயலாது என்று அவள் சொன்னால், கணவன் இசையாவிட்டாலும் நீதிபதி பிரித்து வைப்பார், மேல்முறையீடு இல்லை. அல்அஸ்ஹரின் தலைமை ஷைகாக இருந்த முஹம்மது ஸய்யித் தன்தாவி அதை ஆதரித்தார். உலமாக்களில் எதிர்த்தவர்களும் இருந்தனர். 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. ஸாபித் (ரலி) அவர்களின் தோட்டத்து வரலாறே அந்த விவாதமெங்கும் மேற்கோளாயிற்று.

இவையெல்லாம் ஒரு படத்தால் விளைந்தவை என்று சொல்ல நாம் துணியவில்லை. பெண்கல்வி, வழக்கறிஞர்களின் உழைப்பு, பெண்கள் இயக்கங்களின் போராட்டம், ஆட்சியாளரின் கணக்குகள் எனப் பல காரணங்கள் உள்ளன. ஆனால் நீதிமன்றத் தாழ்வாரத்தில் பெண்கள் காத்துக் கிடப்பதை அரபு வீடுகள் தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் படம். வழக்கறிஞர் எழுதினால் வழக்கறிஞர் படிப்பர். ஃபாத்தின் ஹமாமா அழுதால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து அழுவர். முப்பத்தைந்தாண்டு உழைப்பில் தாம் ஈட்டிய அந்த நம்பிக்கையை அவர் ஓர் அறப்பணிக்குச் செலவிட்டார்.

'இரண்டு முறை மணவிலக்குப் பெற்றவருக்கு மணவாழ்வைப் பற்றிப் பேச என்ன தகுதி?' என்ற கேள்வி வரும். 1947இல் இயக்குநர் இஸ்ஸுத்தீன் துல்ஃபிகாரை மணந்து 1954இல் அவர் பிரிந்தது மெய். 1955இல் ஒமர் ஷரீஃபை மணந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர் இஸ்லாத்தைத் தழுவியே இம்மணம் நடந்தது. 1966 முதல் பிரிந்து வாழ்ந்து, 1974இல் முறைப்படி மணவிலக்காயிற்று. 1975இல் ஒரு மருத்துவரை மணந்து, தம் இறுதிமூச்சு வரை, நாற்பதாண்டுகள் அவரோடு அமைதியாக வாழ்ந்தார். இவற்றில் மார்க்கம் அனுமதிக்காதது எது? மணமுறிவு இறைவன் வெறுக்கும் ஒன்றெனினும் அவன் அனுமதித்த ஒன்று. ஆண் மூன்று முறை மணந்தால் கணக்கு வைக்காத நாவு, பெண் மணந்தால் மட்டும் விரல்விட்டு எண்ணுவது எந்த ஷரீஅத்?

'இப்படி வழி திறந்துவிட்டால் பெண்களெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள்' என்பது இன்னொரு வாதம். மஹரையும் நஃபகாவையும் துறந்து, ஊராரின் வசையையும் தாங்கி, வெறுங்கையோடு வெளியேற ஒரு பெண் துணிகிறாள் என்றால், அவள் எதை விட்டு ஓடுகிறாள் என்று கேட்பதன்றோ முறை? மாறாக, குல்உவின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. வசதியுள்ளவள் விலை கொடுத்து விடுதலை பெறுவாள். தோட்டம் இல்லாதவள் எதைத் திருப்பித் தருவாள்? கொடுமைக்கு ஆளானவளே பொருளையும் இழப்பது எப்படி நீதியாகும்? இதைத்தான் உலமாக்களும் சட்டம் அறிந்தோரும் அமர்ந்து சிந்திக்க வேண்டும்.

எகிப்தின் கதை நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு நம் நாட்டு வரலாற்றை நினைவூட்டுவோம். முப்பதுகளில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்), ஹனஃபி மத்ஹபில் வழியின்றித் தவித்த பெண்களுக்காக மாலிக்கி மத்ஹபின் கருத்துகளைத் தொகுத்து 'அல்ஹீலத்துன் நாஜிஸா' எழுதினார்கள். 1939இல் வந்த முஸ்லிம் மணமுறிவுச் சட்டத்துக்கு அந்நூல் வழியமைத்தது. அப்பெருந்தகை காத்திருக்கவில்லை, எந்த நடிகையும் திரையில் அழுதபின் விழித்துக்கொள்ளவும் இல்லை. எகிப்து முத்ஆவைச் சட்டமாக்கிய அதே 1985இல்தான் இங்கே ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தது. ஊர்வலங்கள் சென்றோம், முழங்கினோம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதில் உள்ள 'நியாயமான ஏற்பாடு' என்ற சொல்லுக்கு, மணவிலக்குப் பெற்றவளின் வருங்கால வாழ்வுக்கும் வகை செய்வதே பொருள் என்று 2001இல் உச்சநீதிமன்றம் விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை முத்ஆவைப் பற்றிய வசனத்திலிருந்து நாமே எடுத்துச் சொல்லி, ஜமாஅத்துகள்தோறும் நடைமுறைப்படுத்தியிருந்தால், அதைப் பிறர் சொல்லிக் கேட்கும் நிலை வந்திருக்குமா?

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். நிகாஹ் நடைபெறும் மஜ்லிஸில் மணமகளின் கடமைகளைப் பட்டியலிடும் நாவுகள், அவளுக்குள்ள குல்உ உரிமையையும் முத்ஆ உரிமையையும் வாய்விட்டுச் சொல்லட்டும். மஹரை நாலு பேர் பார்க்க எழுதிவைத்தால் போதாது, அதை அவள் கையில் கொடுக்கட்டும். முறையீட்டோடு ஜமாஅத்தின் வாசலுக்கு வரும் பெண்ணிடம் முதலில் அவள் குறையைக் கேட்கட்டும். குற்றம் தேடுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெண்ணின் மனுவும் இத்தனை நாளுக்குள் விடை பெறும் என்று ஒரு தவணையை ஒவ்வொரு மஹல்லாவும் வரையறுத்துக்கொள்ளட்டும்.

இவற்றைச் செய்துவிட்ட சமுதாயம், நடிகைகள் மார்க்கத்தைப் பற்றிப் பேசலாமா என்று தாராளமாகக் கேட்கலாம். செய்யாத சமுதாயத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இல்லை. துர்ரிய்யா திரையில் வைத்த விண்ணப்பம் நம் ஊர்களின் வாசல்களிலும் தினமும் வைக்கப்படுகிறது. அதற்கு விடை சொல்லும் பொறுப்பை அல்லாஹ் நடிகைகளின் தலையில் சுமத்தவில்லை. நம் தலையில்தான் சுமத்தியிருக்கிறான்.